பின்னுக்கு என்றொரு சொல்

காத்தான்குடிப் பிரதான வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் பிரியும் ஒழுங்கையொன்றில், கொழும்புக்குப் பொதி அனுப்பும் கடையொன்று இருக்கிறது. அந்தக் கடையில் ஒரு சொல்லுக்குத் தடை. கெட்ட வார்த்தைகளுக்குத் தடையேதும் இல்லை. மூடை காலில் விழுந்தால் எவரும் எதையும் சொல்லிக்கொள்ளலாம். ‘பின்னுக்கு’ என்ற சொல்லை மாத்திரம் லொறிக்கு அருகில் நின்று சொல்லக் கூடாது. லொறியின் பின்புறத்தைக் குறிக்க வேண்டுமானால் ‘கால்மாடு’ என்று சொல்ல வேண்டும். முன்புறம் ‘தலைமாடு’. பிந்தி ஏற்ற வேண்டிய பொதியென்றால் ‘மறுகா’.

இந்தத் தடையை விதித்தவர் நளீர். வரும் பொதிகளை நிறுத்து, எது லொறியில் எந்த இடத்தில் அமர வேண்டும் என்று தீர்மானிப்பது அவருடைய வேலை. வயது நாற்பத்தொன்பது. மெலிந்த உடம்பு, நீண்ட காலம் முழங்காலில் நின்று வேலை செய்தவர்களுக்கே வரும் ஒரு தளர்ந்த நடை.

“இஞ்ச பாருங்க நளீர் தம்பி, இது லொறியா மையத்தா?” என்று சாரதி முகைதீன்பாவா அடிக்கடி கேட்பார். “தலைமாடு, கால்மாடு எண்டு சொல்லக்குள்ள எனக்குச் சந்தூக்குத் தூக்கிற நெனப்புத்தான் வருது.” மையத்து என்றால் சடலம்; சந்தூக்கு அதைச் சுமக்கும் பெட்டி.

“சந்தூக்கிலயும் பாரம் ஒரு பக்கம் போனா, தூக்கிறவன்தான் விழுவான் காக்கா,” என்று அந்த மூத்தவருக்கு நளீர் பதில் சொல்வார்.

“சரிப்பா, சரி. அப்ப இந்தச் சீனி மூடையெல்லாம் பின்…” என்று தொடங்கிய முகைதீன்பாவா, வேண்டுமென்றே வாயைப் பொத்திக்கொண்டு, “மறுகா!” என்று கத்துவார். நின்றவர்கள் சிரிப்பார்கள். கடையில் அவருக்குப் பட்டப்பெயரும் ‘மறுகா நளீர்’ என்றாகிவிட்டது.

ஆனாலும் நளீர் ஏற்றிய லொறி மன்னம்பிட்டி தாண்டி வேகமெடுக்கும்போது ஸ்டியரிங் நடுங்குவதில்லை என்பதையும், டீசல் குறைவாகவே முடிகிறது என்பதையும் முகைதீன்பாவா எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். அந்தக் கணக்கு நளீருக்கு எங்கிருந்து வந்தது என்பது அவருக்குத் தெரியும். வளைகுடா நாடொன்றின் விமான நிலையத்தில் பதினெட்டு வருடம் வேலை செய்த மனிதர். அந்தச் சொல்லின்மீது அவருக்கு என்ன கோபம் என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது. அது தெரிந்தவர் நளீரின் மனைவி றஸீனா ஒருவரே.

நளீர் 2001ஆம் ஆண்டில் வளைகுடாவுக்குப் போனார். முதல் ஆறு வருடமும் விமானத்தின் வயிற்றுக்குள்தான் வேலை. நிமிர முடியாத அந்த அறைக்குள் முழங்காலில் நகர்ந்து நகர்ந்து பயணிகளின் பெட்டிகளை அடுக்க வேண்டும். வெளியே நாற்பத்தாறு பாகை வெயில் என்றால் உள்ளே அதற்கு மேலே. அவ்வேலையில் இரண்டு வகையான மனிதர்கள் இருந்தார்கள்: பெட்டியைத் தள்ளிவிட்டு வெளியே வர அவசரப்படுகிறவர்கள், பெட்டி ஏன் அந்த இடத்துக்குப் போகிறது என்று கேட்கிறவர்கள். நளீர் கேட்டார். கேட்டதனால் குழுத் தலைவரானார்.

அவர் கற்றுக்கொண்ட விடயம் எளிமையானது. விமானத்தின் முழுப் பாரத்தையும் தூக்குவது இறக்கை. பாரத்தின் நடுப்புள்ளி, இறக்கை தூக்கும் புள்ளிக்குச் சற்று முன்னே இருக்கும். ஆகவே பறக்கும்போது மூக்கு எப்போதும் கீழே குனியப் பார்க்கும். அதைக் குனியவிடாமல் வாலிலுள்ள சிறிய இறக்கை, வாலைக் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே வர வேண்டும். அப்படி அழுத்துவதும் ஒரு பாரந்தான். தராசில் நிறுக்கப்படாத, எந்தத் தாளிலும் எழுதப்படாத, யாரும் ஏற்றாத பாரம். அதையும் சேர்த்தே இறக்கை சுமக்கிறது. அதற்கும் சேர்த்தே எஞ்சின் எண்ணெய் எரிக்கிறது. கனத்த சரக்கை முன் அறையிலிருந்து பின் அறைக்கு மாற்றினால் நடுப்புள்ளி சற்றுப் பின்னே நகரும், வால் அழுத்த வேண்டிய தேவை குறையும், எண்ணெய் மிஞ்சும். ஒரு பயணத்தில் மிஞ்சுவது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை விமானம், ஒரு வருடத்துக்கு எத்தனை நாள் என்று பெருக்கிப் பார்த்த கம்பனிகள் அந்தச் சிறு பங்குக்காகத் தனிப் பிரிவுகளையே அமைத்துவிட்டன. நடுப்புள்ளி எவ்வளவு தூரம் பின்னே போகலாம் என்பதற்கும் எல்லையுண்டு. அதைத் தாண்டினால் விமானம் விமானியின் பிடிக்கு அடங்காது.

இன்னொன்றும் இருந்தது. ஏற்றிய எடையில் விமானிக்குச் சந்தேகம் வந்தால், எதற்கும் இருக்கட்டும் என்று கூடுதல் எண்ணெய் கேட்பார். அந்தக் கூடுதல் எண்ணெயைத் தூக்கிப் பறப்பதற்கே எண்ணெய் செலவாகும். ஆகவே சரியாக நிறுத்து, சரியான இடத்தில் ஏற்றி, அதைச் சரியாக எழுதுவதுதான் முதற்சிக்கனம் என்று நளீர் நம்பினார். தாம் கையொப்பமிட்ட தாளைப் பார்த்த விமானிகள் கூடுதலாக ஒரு கிலோவும் கேட்பதில்லை என்று விடுமுறையில் வரும்போது றஸீனாவிடம் பெருமையாகச் சொல்வார்.

“அவங்க கேக்காட்டி உங்களுக்கென்ன, நீங்களா எண்ண ஊத்துறீங்க?” என்று அவள் சிரிப்பாள்.

அஸாம் அங்கே வந்தது 2006இல். நளீரும் அவனும் ஊரில் ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். அஸாமுக்கு ஆங்கிலம் நன்றாக வரும். ஆகவே வெயில் படாமல் நேரே அலுவலகத்துக்குள் போனான். கணினியில் எந்தச் சரக்கு எந்த அறைக்கு என்று திட்டமிடும் வேலை. திட்டத்தைத் தாளில் அச்சிட்டு அனுப்புவது அஸாம்; அதன்படி ஏற்றுவது நளீர். கணினியில் தெரியாத சங்கதிகளையெல்லாம் நளீரிடமே அஸாம் கேட்டறிந்தான். விடுதியில் ஒரு நாள், ‘வாலில பாரம் போட்டா எப்பிடி எண்ண மிஞ்சும்?’ என்று அவன் கேட்டபோது, நளீர் தட்டிலிருந்த மீன் முள்ளைத் தோணியாக வைத்து விளக்கினார். “ஆத்துல தோணி விடக்குள்ள ரெண்டு பேரும் அணியத்துல இரிந்தா, மூக்குத் தண்ணிக்குள்ள புதைஞ்சு வலிக்கிறவன்ட கை முறியும். ஒருத்தன் கொஞ்சம் வால் பக்கமா அரக்கி இரிந்தா வழுக்கிட்டுப் போகும். கனக்க அரக்கினா அணியம் மேல எழும்பிக் காத்துத் திருப்பிப்போடும்.” விமானத்துக்கும் தோணிக்கும் கணக்கு ஒன்றல்ல என்பது நளீருக்குத் தெரியும். ஆனால் ஊரான் ஒருவனுக்கு விளக்க அது போதும்.

2019 மே மாதத்தில் ஒரு பின்னேரம் அது நடந்தது.

ஐரோப்பாவுக்குப் போகும் பெரிய விமானம். அச்சிட்ட திட்டத்தின்படி, ஏறக்குறைய நான்கு தொன் எடையுள்ள இரண்டு பலட்டுகள், அதாவது சரக்கு அடுக்கி வலை கட்டிய தட்டுகள், முன் அறைக்குப் போக வேண்டும். அவற்றின் சுங்கத் தாள்கள் வந்து சேரவில்லை. நளீர் காத்து நின்றார். இதற்கிடையில், பின் அறைக்கென்று வைத்திருந்த வேறு சரக்கை அனுப்பியவர்கள் கடைசி நேரத்தில் நிறுத்திவிட்டார்கள். பின்பக்கம் இலேசாகிவிட்டது. அதைச் சமப்படுத்த, அந்தக் கனத்த இரண்டு பலட்டுகளையும் பின் அறைக்கு மாற்றிவிடுவதென்று அஸாம் முடிவெடுத்தான். நல்ல முடிவுதான். புதிய தாள் அச்சிட நேரமில்லை. கடைசிப் பத்து நிமிடத்தில் வோக்கிடோக்கியில் சொல்லி மாற்றலாம் என்று விதி இடங்கொடுத்தது. ஆனால் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும்.

அவர்கள் இருவரும் வோக்கியில் ஆங்கிலம் பேசிக்கொண்டது கிடையாது.

“நளீர், அந்தக் கனத்த பலட் ரெண்டையும் பின்னுக்குப் போடு.”

“ஓம், சரி.”

தமிழில் ‘முன்’, ‘பின்’ என்னும் சொற்கள் இடத்துக்கும் உரியவை, காலத்துக்கும் உரியவை. வகுப்பறையில் இது மொழியின் சிக்கனம் என்று கற்பிக்கப்படும். எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே, தாள் வராத இரண்டு பலட்டுகளுக்குப் பக்கத்தில் நின்ற நளீருக்கு அந்தச் சொல் ஒரு பொருளைத்தான் தந்தது: பிந்தி ஏற்று, தாள் வரட்டும். அவர் மற்றவற்றையெல்லாம் ஏற்றினார். தாள் வந்தது. கடைசியாக அந்த இரண்டையும், அச்சிட்ட திட்டத்தில் இருந்தபடியே, முன் அறையில் ஏற்றிக் கதவைச் சாத்தினார்.

“போட்டாச்சா?” என்று வோக்கி கேட்டது.

“ஓம். பின்னுக்குத்தான் போட்டன்.”

அவர் சொன்னது உண்மை. அஸாம் கேட்டதும் அவனுக்கு வேண்டிய பதிலே. பலட்டுகள் பின் அறையில் இருப்பதாகக் கணக்கிட்ட தாள் விமானியின் கைக்குப் போனது.

ஓடுபாதையில், எழும்ப வேண்டிய இடத்தில் விமானி பிடியை இழுத்தபோது மூக்கு எழும்பவில்லை. இன்னும் இழுத்தார். பாதையின் முக்கால்வாசி தாண்டிய பிறகு கனத்த மனத்தோடு எழும்புவதுபோல அது எழும்பியது. ஒருவருக்கும் ஒரு காயமும் இல்லை. வழி நெடுகிலும் வால் அழுத்திக்கொண்டே போனது. போய்ச் சேர்ந்தபோது கணக்கைவிட நானூறு கிலோவுக்கு மேல் எண்ணெய் கூடுதலாக எரிந்திருந்தது. அங்கே முன் அறைக் கதவைத் திறந்தவர்கள், இருக்கக் கூடாத இரண்டு பலட்டுகளைப் படமெடுத்து அனுப்பினார்கள்.

விசாரணைக்கு முதல் நாள், கழிவறைப் பக்கமுள்ள நடைவழியில் அஸாம் அவரைப் பிடித்துக்கொண்டான்.

“மச்சான், தமிழில கதைச்ச எண்டு மட்டும் வாய் துறந்திராத. சொன்னா ரெண்டு பேருக்கும் வேல போயிரும். நான் பின் அறைய இங்கிலிசில ‘ஆஃப்ட் ஹோல்ட்’ எண்டு சொன்னன் எண்டு சொல்றன். நீ இரைச்சல்ல கேக்கல்ல எண்டு சொல்லு. உனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் தருவானுகள். அவ்வளவுதான். மறுகா உன்ன நான் ஒபிசுக்கு உள்ளுக்கு எடுக்கிறன்.”

“நீ பின்னுக்கு எண்டுதானே சொன்ன, அஸாம். பிந்திப் போடச் சொல்றாய் எண்டு நான் விளங்கின.”

“பிந்தி எண்டா நான் மறுகா எண்டெல்லுவா சொல்லிருப்பன்? நம்மட ஊரில எவண்டா பிந்திறத்துக்குப் பின்னுக்கு எண்டு சொல்லுவான்? உன்ட உம்மா சொல்லுவாவா? சொல்லு பாப்பம்.”

நளீர் யோசித்துப் பார்த்தார். உம்மா மறுகா என்றுதான் சொல்வார். வாப்பாவும் அப்படித்தான். ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று அந்த நிமிடத்தில் அவருக்குத் தோன்றியது. பதினெட்டு வருட ஊழியத்தில் தம் காதே தம்மை ஏமாற்றிவிட்டது என்று முடிவு செய்தார். விசாரணையில் கேட்கவில்லை என்று சொன்னார்; நீட்டிய இடத்தில் கையொப்பமிட்டார். எச்சரிக்கைக் கடிதம் வரவில்லை. ‘சுமையேற்றல் அறிவுறுத்தலைப் பின்பற்றத் தவறியமையால் நீக்கம்’ என்ற ஒற்றைவரிக் கடிதம் வந்தது. அஸாம் விமான நிலையம் வரை வந்து வழியனுப்பினான்; கட்டிப்பிடித்து அழுதான்கூட.

காத்தான்குடியில் வீடு பெண்ணுக்குரியது. நளீர் திரும்பி வந்தது றஸீனாவுக்கு அவளுடைய வாப்பா கட்டிக்கொடுத்த வீட்டுக்கு. அவள் அபாயாக்களுக்குப் பூவேலை செய்து குடும்பத்தை இழுத்தாள். ‘என்ட வீடு’ என்று ஒரு நாளும் அவள் வாயில் வந்ததில்லை. அவள் அப்படிச் சொல்லாமல் இருப்பதை நளீர் ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருந்தார். பொதிக் கடையில் சேர்ந்த முதற்கிழமையே அந்தச் சொல்லுக்குத் தடை போட்டார். தம் காதை இனிமேல் நம்ப முடியாது. சொல்லையாவது திருத்தி வைப்போம் என்பது அவருடைய எண்ணம்.

ஐந்து வருடம் கழித்து ஒரு வாசல் திறந்தது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் புதிதாகச் சரக்கு விமான வேலை தொடங்கிய கம்பனியொன்று, சுமையேற்றுவோரைப் பயிற்றுவிக்க ஆள் தேடியது. ஐம்பது வயதுக்கு உட்பட்டிருக்க வேண்டும். நளீரோடு தொலைபேசியில் முக்கால் மணிநேரம் பேசினார்கள். பின் அறையை முதலில் நிரப்பினால் தரையில் நிற்கும் விமானம் வாலில் குந்திவிடும் என்பதையும், எந்த வரிசையில் ஏற்றினால் அது நேராது என்பதையும் அவர் சொல்லச் சொல்ல, மறுபக்கத்தில் இருந்தவர் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. கடைசியில் அவர் சொன்னார்: “உங்கட நீக்கக் கடிதந்தான் பிரச்சினை. அண்டைக்கு உங்களுக்கு அறிவுறுத்தல் தந்த அதிகாரி, நடந்ததை விளக்கி ஒரு கடிதம் தந்தால் நாங்கள் எடுப்பம். மாதம் முடியிறதுக்கு முதல் அனுப்புங்கோ.”

அதே மாதத்தில் அஸாம் விடுமுறையில் வந்திருந்தான். இப்போது அவன் அங்கே எரிபொருள் சிக்கனப் பிரிவின் மேலாளர். ஊர் நலன்புரிச் சங்கமொன்று, விமானங்கள் எவ்வாறு எரிபொருளை மிச்சப்படுத்துகின்றன என்று மாணவர்களுக்குப் பேச அவனை அழைத்திருந்தது. சனிக்கிழமை முற்பகல், மண்டபம் நிறைந்த கூட்டம். நளீர் கடைசி வரிசையில் இருந்தார்.

அஸாம் நன்றாகவே பேசினான். வாலின் அழுத்தத்தைச் சொன்னான், கூடுதல் எண்ணெயைச் சுமக்கும் எண்ணெயைச் சொன்னான். பிறகு திரையை அணைத்துவிட்டு, “புள்ளைகளே, ஆத்துல தோணி விட்டிருக்கீங்களா?” என்று கேட்டான். இரண்டு பேரையும் அணியத்தில் இருத்தினான், ஒருவனை அரக்கினான், காற்றில் திருப்பிப் போட்டான். மண்டபம் கைதட்டியது. மீன் முள் மாத்திரமே அந்தக் கதையில் விடுபட்டிருந்தது.

கேள்வி நேரத்தில் நளீர் எழுந்தார். “கடைசி நேரத்துல சரக்க மாத்தச் சொல்லக்குள்ள என்ன பாசையில சொல்லுவீங்க?”

அஸாம் அவரைக் கண்டான். பிறகு சிரித்தான். “இங்கிலிசிலதான். அது சர்வதேச விதி. எங்கட ஊர்ப் பாசையில சொன்னா, ஐரோப்பாக்குப் போற விமானம் மட்டக்களப்பு ஆத்துக்குள்ளதான் இறங்கும்!”

எல்லோரும் சிரித்தார்கள். நளீருக்குப் பக்கத்தில் இருந்தவர் அவருடைய தொடையில் தட்டிச் சிரித்தார்.

“போய் அந்தக் கடிதத்தக் கேளுங்க,” என்றாள் றஸீனா, நளீர் வீட்டுக்கு வந்ததும். பூவேலை ஊசியை அவள் நிறுத்தவில்லை. “மாசம் முடிய ஆறு நாள்தான் இரிக்கி. அவன்ட மனசுல ஒரு ஈரம் இரிந்தா தரட்டும்.”

“தரமாட்டான் புள்ள.”

“தராட்டி, தரல்ல எண்டாவது வந்து சொல்லுங்க. அஞ்சு வருசமா உங்கட காதில பிழையெண்டு சொல்லிக்கிட்டிருக்கீங்க. எனக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துட்டு.”

பின்னேர அசர் தொழுகையை முடித்துவிட்டு நளீர் போனார். அஸாமின் மனைவியின் புது வீடு ஆற்றங்கரையில் இருந்தது. மாடியில் இருந்தால் அக்கரைப் படுவான்கரை வரைக்கும் தண்ணீர். தேநீர் வந்தது.

“பேச்சு நல்லாரிந்திச்சு,” என்றார் நளீர். “தோணிக் கதையும்.”

“அது நீ சொன்னதெல்லுவா மச்சான். சொல்லக்குள்ள உன்னத்தான் நெனச்சன்.”

“பேரச் சொல்லிருக்கலாம்.”

“உன்ட பேரச் சொன்னா, எங்க வேல செஞ்சவர், ஏன் விட்டுட்டு வந்தவர் எண்டு கேப்பானுகள். உனக்கெல்லுவா கரைச்சல்.”

நளீர் சட்டைப் பையிலிருந்து தட்டச்சிட்ட தாளை எடுத்து வைத்தார். மூன்றே வாக்கியம். அறிவுறுத்தல் தமிழில் தரப்பட்டது. அதிலிருந்த சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. விதிப்படி ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லுமாறு கேட்கப்படவில்லை. கீழே கையொப்பத்துக்கு ஒரு கோடு.

அஸாம் இரண்டு முறை வாசித்தான். “இதுல கையெழுத்து வெச்சா, விசாரணையில நான் பொய் சொன்னதெண்டு வருமே.”

“வரும்.”

“என்ட வேல போயிரும் நளீர்.”

“கட்டுநாயக்காக்கு மட்டுந்தான் அனுப்புவன். உன்ட கம்பனிக்குப் போகாது. வேணுமெண்டா ரெண்டு பேரிலயும் பிழையெண்டு மாத்தி எழுது. பாதிய நான் எடுக்கிறன். நான் பிழையாக் கேட்டதுந்தானே.”

“பிழையாத்தான் கேட்ட. அண்டைக்கும் சொன்னன்தானே.” அஸாமுக்குப் பிடி கிடைத்துவிட்டது, குரல் தெளிந்தது. “உன்னில எனக்குக் கோவமில்ல மச்சான். உனக்குச் செய்யத்தான் வேணும். ஆனா இதெல்லாம் அவசரப்பட்டுச் செய்யிற வேலையில்ல, ஒரு லோயரிட்டக் கேக்கணும். செவ்வாக்கிழம நான் போறன். போய்ச் சேந்து, ஆறுதலாப் பாத்து, பின்னுக்கு எழுதி அனுப்புறன்.”

கீழே ஆற்றில் ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டு நின்றார். நளீர் அவரைப் பார்த்தபடியே கேட்டார்: “எப்ப அனுப்புவாய்?”

“அதான் சொன்னேனே, பின்னுக்கு.”

“பின்னுக்கெண்டா எங்க, அஸாம்? இந்த வீட்டுக்குப் பின்னாலயா?”

அஸாம் சிரிப்பதற்கு வாயெடுத்தான். சிரிப்பு பாதியில் நின்றது. தான் சொன்னதைத் தானே கேட்டுவிட்டான்.

“மறுகா எண்டெல்லுவா சொல்லிருக்கணும் நீ?” என்றார் நளீர். குரல் உயரவில்லை. “நம்மட ஊரில எவண்டா பின்னுக்கு எண்டு சொல்லுவான்? உன்ட உம்மா சொல்லுவாவா? சொல்லு பாப்பம்.”

அஸாம் தாளை மேசையில் வைத்தான். “அண்டைக்குப் படம் வந்த நேரமே எனக்கு விளங்கிட்டு,” என்றான் மெதுவாக. “நான் எப்பவும் அப்பிடித்தான் சொல்றதெண்டும் தெரியும். நீ நம்பிட்டாய். நீ நம்பினதால நானும் நம்புற மாதிரி இரிந்துட்டன். இப்ப என்ன செய்யச் சொல்றாய்?”

“இதுல கையெழுத்து வெக்கச் சொல்றன்.”

மேசையில் பேனை இருந்தது. அஸாம் அதை எடுத்தான், மூடியைக் கழற்றினான், மறுபடியும் போட்டான். “தேத்தண்ணி ஆறுது,” என்றான். “குடி.”

நளீர் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். தேநீர் அப்படியே இருந்தது.

செவ்வாய்க்கிழமை அஸாம் பறந்துவிட்டான். மாதம் முடிந்த மறுநாள், விண்ணப்பம் பூரணமாகாமையால் வேறொருவரைத் தெரிவு செய்துவிட்டதாகக் கட்டுநாயக்காவிலிருந்து தகவல் வந்தது. மரியாதையான நான்கு வரிகள். றஸீனா அதை வாசித்துவிட்டுத் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

“அவன் தரல்ல,” என்றாள்.

“தரல்ல. ஆனா காதில பிழையில்ல.”

“அத நான் அஞ்சு வருசத்துக்கு முதலே சொல்லிருப்பன். என்னட்ட நீங்க கேக்கல்ல.” ஊசியில் நூலைக் கோத்தபடி அவள் சொன்னாள். “நானும் பிந்திறத்துக்குப் பின்னுக்கு எண்டு சொல்றதுதான். நீங்க விட்டா.”

அடுத்த நாள் பின்னேரம் லொறி ஏற்றும் நேரத்தில் நளீர் தராசடியில் நின்று சொன்னார்: “இனி அந்தச் சொல்ல ஆரும் சொல்லலாம். தடையில்ல.”

முகைதீன்பாவா நம்பாமல் பார்த்தார். “எந்தச் சொல்ல? பின்னுக்கையா?”

“ஓம். அதுல ஒரு பிழையுமில்ல.”

“பிழையில்லாத சொல்லயா தம்பி இவ்வளவு காலமும் எங்கட வாயில கட்டி வெச்சீங்க?”

“ஆளில பிழையெண்டு நெனைக்க மனமில்லாம இரிந்திச்சு காக்கா.”

முகைதீன்பாவா லொறிப் பக்கம் திரும்பினார். கிடைத்த சுதந்திரத்தை உடனே அனுபவித்துப் பார்க்கும் ஆசையோடு, பெட்டிகளைக் காட்டி உரத்த குரலில், “இதெல்லாத்தையும் பின்னுக்குப் போடுங்கடா!” என்றார்.

பெட்டிகளைத் தூக்கிய இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள். பழக்கம். “எந்தப் பின்னுக்கு? கால்மாடா, மறுகாவா?” என்று ஒருவர் கேட்டார்.

நான்கு சொற்களுள்ள கேள்வி. கேட்க இரண்டு வினாடி போதும். அந்த மே மாதப் பின்னேரம், வோக்கியைக் கையில் வைத்துக்கொண்டு, தாமும் அதைக் கேட்கவில்லை என்பது நளீருக்கு நினைவு வந்தது. அவர் தராசைப் பார்த்தார்.

“கால்மாடு,” என்றார்.